குதிரைக் கண்ணுக்குள் ஒரு வெள்ளை நூல்

மெரினாவில் மகனைக் குதிரைச் சவாரிக்கு ஏற்றிவிடப் போன வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். குதிரையின் இடது கண்ணில் பூ விழுந்த மாதிரி நீலம் பாரித்திருந்ததாம். கிட்டே போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு வெள்ளை நூல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நெளிந்ததாம். குதிரைக்காரரிடம் கேட்டதற்கு, "அது நாகதோஷம்க்கா, புத்துக்குப் பால் ஊத்தினா போயிடும்" என்று பதில் வந்திருக்கிறது. "நான் பார்த்தது நிஜமா, பிரமையா?" என்பது கேள்வி.

நிஜம்தான். ஆனால் பாம்பு இல்லை, புழு. அதைப் பாம்பு என்று நினைத்ததற்காக அந்தக் குதிரைக்காரரைக் கேலி செய்ய வேண்டாம். 1780களில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவிலும் இதே கூத்து நடந்தது. கண்ணுக்குள் உயிருள்ள பாம்போடு ஒரு குதிரை இருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. அந்நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் ஹாப்கின்சன் முதலில் அதை நம்பவில்லை. அப்புறம் நேரில் போய்ப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ நீந்துவதைக் கண்டு, அறிஞர் சபைக்கு ஒரு குறிப்பே எழுதிவிட்டார்.

நம் ஊரில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் செட்டேரியா டிஜிடேட்டா என்ற உருளைப்புழு. யானைக்கால் நோய்ப் புழுவுக்குப் பங்காளி முறை. இதன் சொந்த வீடு மாடு, எருமைகளின் வயிற்றுக்குழி. அங்கே சத்தம் காட்டாமல் வாழும். மாட்டுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதன் குஞ்சுகள் மாட்டு ரத்தத்தில் சுற்றும், கொசு குடிக்கும், கொசுவுக்குள் இரண்டு வாரம் போல வளரும், அடுத்த கடியில் இன்னொரு மாட்டுக்குள் போகும். கொசு மாட்டுக்குப் பதிலாகக் குதிரையைக் கடித்துவிட்டால்தான் சிக்கல். புழுவுக்கு வயிற்றுக்கு வழி தெரியாது. அலைந்து திரிந்து சில தண்டுவடத்துக்குள் போய்விடும், பின்னங்கால்கள் இழுத்துக்கொள்ளும். வட இந்தியாவில் அதற்குக் கும்ரி என்று பெயர். சில கண்ணுக்குள் வந்து சேரும்.

சரி, வந்த புழு அங்கே எப்படி உயிரோடு இருக்கிறது? உடம்பில் வேறெங்கே அன்னியன் நுழைந்தாலும் வெள்ளையணுக்கள் படையெடுத்து வந்துவிடும். கண்ணுக்குள் மட்டும் இது வாரக்கணக்கில் நீச்சலடிக்கிறதே? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கண்ணின் முன்பக்கக் கண்ணாடியான கார்னியாவுக்கும் பின்னால் திரை போல நிற்கும் ஐரிஸுக்கும் நடுவே ஒரு சின்ன அறை இருக்கிறது. குதிரையில் அதில் சுமார் 3 மில்லி திரவம் இருக்கும். ரத்தத்திலிருந்து ஊறுகிற திரவம்தான், ஆனால் ரத்தத்தின் சாயலே இருக்காது. ரத்தப் பிளாஸ்மாவில் 100 மில்லிக்கு 6, 7 கிராம் புரதம் உண்டு. இந்தத் திரவத்தில் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அணுக்களும் இல்லை. காரணம் எளிது. புரதமும் அணுக்களும் ஒளியைச் சிதறடிக்கும். பனிமூட்டத்தில் ஹெட்லைட் போட்ட மாதிரி ஆகிவிடும், பார்வை தெரியாது. அதனால் கண்ணின் ரத்தக்குழாய்களைச் சுற்றியுள்ள செல்கள் இடுக்கு விடாமல் ஒட்டி நின்று ஒரு மதில் கட்டியிருக்கின்றன. தண்ணீர், உப்பு, சர்க்கரை உள்ளே வரலாம். பெரிய புரதங்களும் வெள்ளையணுக்களும் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

மதில் மட்டும் இல்லை. உள்ளே சண்டை மூளாதபடி அமைதிப்படுத்தும் வேதிப்பொருள்களும் அந்தத் திரவத்தில் உண்டு. 1940களில் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடாவர் முயலின் கண்ணறைக்குள் வேறொரு முயலின் தோல்துண்டை வைத்துப் பார்த்தார். வெளியே வைத்தால் உடம்பு நிராகரிக்கும் தோல், அங்கே பிழைத்துக்கொண்டது. உறுப்பு மாற்றுக்கு வழிகாட்டிய ஆய்வுகளுக்காக அவருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. பார்வை தெளிவாக இருக்க வேண்டுமென்று கண் ஆயுதத்தைக் கீழே வைத்திருக்கிறது. அந்தச் சலுகையைத்தான் வழிதவறி வந்த புழு அனுபவிக்கிறது.

ஆனால் புழு சும்மா இருப்பதில்லை. கார்னியாவின் உட்புறத்தில் உரசிக்கொண்டே இருக்கிறது. அங்குள்ள ஒற்றை வரிசைச் செல்கள்தான் கார்னியாவுக்குள் நீர் ஊறாமல் இறைத்துக்கொண்டிருப்பவை. அவை சேதமானால் கார்னியா ஊறி மங்கும். வாசகி பார்த்த நீலம் அதுதான்.

மருந்து கொடுத்துப் புழுவைக் கொன்றுவிட்டால் என்ன? கொல்லலாம். ஆனால் செத்த புழு கண்ணுக்குள்ளேயே கரைந்து அழுகும். உயிரோடிருந்ததைவிட அதிக அழற்சியைக் கிளப்பும். ஆகவே வெளியே எடுத்தாக வேண்டும்.

எடுக்கும் முறை அழகானது. குதிரையின் இமைத் தசைக்கு அசாத்திய பலம். அது மூடிக்கொண்டால் விரலால் திறக்க முடியாது. மருத்துவர் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்ன எலும்பின் வளைவில் விரலை வைத்து உருட்டுவார். தோலுக்கடியில் ஒரு நரம்பு வீணைத் தந்தி மாதிரி நழுவும். அங்கே கொஞ்சம் மரப்பு மருந்து போட்டால் இமை தொங்கிவிடும். மயக்கமும் சொட்டு மருந்தும் கொடுத்த பிறகு, கார்னியாவும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில் ஒரே குத்து. குதிரைக் கண்ணின் உள்ளழுத்தம் 15 முதல் 30 மில்லிமீட்டர் பாதரசம். துளை விழுந்ததும் திரவம் பீறிடும், அந்த வேகத்திலேயே புழுவும் வந்து விழும். துளை சின்னதாக இருந்து திரவம் கசிந்து மட்டும் வெளியேறினால், அறை சுருங்கிப் புழு உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் இடுக்கி வைத்துத் தேட வேண்டியதுதான்.

அடுத்து நடப்பது இன்னும் வேடிக்கை. அழுத்தம் சட்டென்று விழுந்ததும், நாம் இவ்வளவு நேரம் புகழ்ந்த மதில் தற்காலிகமாகப் பிளக்கிறது. ரத்தத்தில் உள்ள புரதங்கள் உள்ளே புகுகின்றன. அவற்றில் ஒன்று ஃபைப்ரினோஜன், காயத்தில் ரத்தத்தை உறையவைப்பது என்று பள்ளியில் படித்தோமே, அதே ஆள். அது ஃபைப்ரினாகி வலை பின்னித் துளையை அடைத்துவிடுகிறது. உள்ளே விடக்கூடாது என்று வாசலில் நிறுத்தியிருந்தவனே வந்து ஓட்டைக்கு மெழுகு வைக்கிறான்!

இந்த மதில் தானாகவே, திரும்பத் திரும்ப இடிந்தால்? அதுதான் குதிரைகளைக் குருடாக்குவதில் உலகெங்கும் முன்னால் நிற்கும் விழிநடுப்படல அழற்சி. வந்து வந்து போவதால் நிலவின் பிறை மாறுவதோடு முடிச்சுப் போட்டு, ஐரோப்பாவில் அதை நிலாக் குருடு என்றார்கள். எலிக்காய்ச்சல் கிருமிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, நிலாவுக்கு இல்லை. மூடநம்பிக்கை நமக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தில்லை என்பதற்காகச் சொல்கிறேன். குதிரை வாங்கும்போது சுழியை அரைமணி நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை அரைநிமிடம்கூடப் பார்க்காதவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மாட்டுப் புழுவுக்கும் மட்டக்குதிரைக்கும் ஆராய்ச்சிப் பணமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு கதை. ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி 1981இல் கால்நடை மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. குதிரையின் தோலில் வாழும் ஒருவகைப் புழுக்குஞ்சுகளை அது தீர்த்துக்கட்டியதைக் கவனித்த மருந்து ஆய்வாளர் வில்லியம் கேம்பல், ஆப்பிரிக்காவில் மனிதர்களைக் குருடாக்கும் அவற்றின் உறவுக்காரப் புழுவிடமும் பலிக்கும் என்று வாதாடினார். பலித்தது. 2015இல் அவருக்கும், அந்த மருந்தைத் தரும் நுண்ணுயிரை மண்ணில் கண்டெடுத்த சதோஷி ஓமுராவுக்கும் நோபல். நம் செட்டேரியாவையும் லேசாக நினைக்க வேண்டாம். யானைக்கால் புழுவை ஆய்வகத்தில் வளர்ப்பது கடினம் என்பதால், இந்தியாவிலும் இலங்கையிலும் இறைச்சிக்கூடங்களிலிருந்து செட்டேரியாவை எடுத்துவந்துதான் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள். இதற்கு நிதி ஒதுக்கக் கை நடுங்குவது எனக்குப் புரியவே இல்லை.

குதிரைக்காரரிடம் வாசகி சொல்ல வேண்டியது இரண்டுதான். புற்றுக்குப் போவதற்கு முன் கால்நடை மருத்துவமனைக்குப் போகட்டும். போகும்வரை உப்பை மென்று கண்ணில் துப்புவது, மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுவது இரண்டும் கூடாது. கார்னியாவில் புண் இருந்தால் ஸ்டீராய்டு அதைத் துளைத்தே விடும். மருத்துவர் முதலில் ஒரு மஞ்சள் சாயம் விட்டு, புண் பச்சையாக மின்னுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் எழுதுவார்.

கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது: நன்றாக இருந்த வலது கண்ணிலும் பாவையின் மேல்விளிம்பில் கறுப்பு உருண்டைகள் திராட்சை மாதிரி தொங்கினவே, அதுவும் புழுவா? இல்லை. எல்லாக் குதிரைக்கும் அது உண்டு. கடற்கரை வெயிலில் நெற்றிக்கு மேல் கை வைத்துப் பார்ப்போமே, குதிரை அதைக் கண்ணுக்குள்ளேயே வைத்திருக்கிறது.