நூறைத் தொட எத்தனை விநாடி?

அண்மையில் ஓர் இளைஞர் தம் கைப்பேசியில் எடுத்த வீடியோ ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய காரின் ஸ்பீடோமீட்டர் முள் அசையத் தொடங்கியதிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும்வரை 9.3 விநாடி ஆகியிருந்தது. அதே காரை ஒரு வாரம் கழித்துச் சோதனைத் தடத்தில் உரிய கருவியைப் பொருத்தி ஓட்டியபோது 10.8 விநாடி வந்தது. அவர் பொய் சொல்லவில்லை, வீடியோவிலும் எந்தத் திருத்தமும் இல்லை. அந்த ஒன்றரை விநாடி எங்கே போயிற்று என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்ததையே இங்கு எழுதுகிறேன். ஏனெனில் இத்தகைய எண்களை நம்பித்தான் பலர் பொதுச்சாலையில் தங்கள் காரைச் சோதித்துப் பார்க்கக் கிளம்புகிறார்கள்.

பெரும்பகுதியைத் தின்றது ஸ்பீடோமீட்டர். அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பதும், கூட்டிக் காட்டுவதானால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் மேற்கொண்டு மணிக்கு 4 கிலோமீட்டரும் வரை போகலாம் என்பதும் ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதி. ஆகவே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படிதான் அமைக்கிறார்கள். விதியின் விளிம்பில் நிற்கும் ஒரு காரில் முள் 100-ஐக் காட்டும்போது உண்மை வேகம் 87 கிலோமீட்டராகக்கூட இருக்கலாம். இந்த இளைஞரின் காரில் அது 94 ஆக இருந்தது. 94-லிருந்து 100 வரையுள்ள கடைசி 6 கிலோமீட்டர் வேகம் சிறிது என்று தோன்றும். ஆனால் வேகம் ஏற ஏறக் காற்றின் தடை கூடி, கியரும் மேலே மாறிவிடுவதால், முடுக்கம் மிகவும் தளர்ந்திருக்கும் இடம் அதுதான். அந்த 6 கிலோமீட்டர் வேகத்தைக் கூட்ட மட்டும் 0.8 விநாடி ஆயிற்று.

அடுத்தது சாலையின் சரிவு. அவர் ஓட்டிய இடத்தைப் போய்ப் பார்த்தபோது, 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 மீட்டர் தாழ்ந்திருந்தது. கண்ணுக்குச் சமதளமாகவே தெரியும் இந்தச் சரிவு, பதினொரு விநாடிக்கு அருகில் வரும் ஒரு காருக்கு 0.4 விநாடியைக் கொடுத்துவிடும், எதிர்த்திசையில் அதே அளவைப் பிடுங்கிக்கொள்ளும். இதனால்தான் தடத்தில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்கிறோம். காற்றின் உதவியும் எதிர்ப்பும்கூட இதில் பெருமளவு ஈடாகிவிடுகின்றன. ஒரே திசையில் பத்து முறை ஓட்டினாலும், அதே பிழைதான் பத்து முறை பதிவாகும்.

எஞ்சிய 0.3 விநாடி தொடக்கத்தில் ஒளிந்திருந்தது. முள் அசைவதற்கு முன்பே சக்கரம் உருளத் தொடங்கிவிடுகிறது. எந்தக் கணத்தைப் பூஜ்யம் என்று கொள்வது என்பதில் உலகத்திலேயே இருவேறு வழக்கங்கள் உண்டு. நேர்கோட்டில் ஓட்டப்படும் அமெரிக்க டிராக் பந்தயத் தடங்களில் கார் ஏறக்குறைய ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் உருண்ட பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும்; இதை ரோல்-அவுட் என்பார்கள். அந்த ஓர் அடிக்குள் கார் மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடித்துவிடுகிறது. டெஸ்லா மாடல் எஸ் பிளாய்ட் காருக்குச் சொல்லப்பட்ட 1.99 விநாடியும் இப்படி ரோல்-அவுட் கழிக்கப்பட்டதே. அத்துடன் அது மணிக்கு 60 மைலுக்கு, அதாவது 96.6 கிலோமீட்டருக்கு உரிய எண். அதை நம் ஊர் 100 கிலோமீட்டர் எண்ணின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியானால் கைப்பேசிச் செயலி போதாதா என்று அவர் கேட்டார். பெரும்பாலான கைப்பேசிகளின் ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரு முறைதான் புதிய வேகத்தைத் தருகிறது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே கோடு போட்டு, இரண்டு தசமத்தில் விடை காட்டுவது துல்லியம் ஆகாது. காரின் கோளாறு கண்டறியும் ஓபிடி செருகியில் கிடைக்கும் வேகமோ முழு எண்ணாகவே வருகிறது, தாமதமாகவும் வரலாம். விநாடிக்கு 10 முறையாவது வேகத்தைப் பதியும் தனி ஜிபிஎஸ் கருவி வேண்டும். நாங்கள் 100 முறை பதியும் கருவியைப் பயன்படுத்துகிறோம். அதன் ஆன்டெனாவை மேற்கூரையில் வானம் மறையாத இடத்தில் பொருத்தி, செயற்கைக்கோள்களின் சமிக்ஞை நிலைப்படும்வரை காரை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். மரங்களும் மேம்பாலங்களும் உள்ள இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் தடுமாறும்.

காரின் நிலையையும் எழுதி வைக்காமல் நேரத்தை மட்டும் சொல்வதில் பயனில்லை. 1,200 கிலோ காரில் 75 கிலோ எடையுள்ள ஒருவர் கூட ஏறினால் எடை 6 விழுக்காடு கூடுகிறது. காற்று 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் அடர்த்தி 8 விழுக்காடு குறைகிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினின் திறனும் ஏறக்குறைய அதே வீதத்தில் குறையும். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் அந்த எஞ்சின் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கை இழந்து நிற்கும். மின்சார கார்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் பேட்டரியின் சார்ஜும் வெப்பமும் நேரத்தை மாற்றும். டயர் அழுத்தம், எரிபொருள் அளவு, ஏசி ஓடியதா என்பதும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

அவர் அந்த வீடியோவை எடுத்தது இரவில், புறவழிச்சாலை ஒன்றில். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவருடைய கார் நூறைத் தொடவே சுமார் 170 மீட்டர் வேண்டும். அந்த வேகத்தில் எதிரே ஒன்றைக் கண்டு, பிரேக்கை மிதித்து நிற்க, ஈரமில்லாத சாலையிலும் இன்னும் 70 மீட்டர் போல வேண்டும். வழக்கமான முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி அவ்வளவு தூரம் எட்டாது. விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லரோ, சாலையைக் கடக்கும் மாடோ, நடந்து போகும் ஒருவரோ அந்த இருளில் கண்ணில் படும்போது நேரம் கடந்திருக்கும். ஆபத்தாக வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி குற்றம். பொது இடத்தில் வண்டிகளைப் போட்டி போட்டு ஓட்டுவது 189-ஆம் பிரிவில் வரும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் போன்ற மூடிய இடத்தில், அனுமதி உள்ள நாளில், தலைக்கவசத்தோடு ஓட்டுவதற்கு மாற்று எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தடத்தில் அன்று மொத்தம் எட்டு ஓட்டங்கள், திசைக்கு நான்காக ஓட்டினோம். கிளட்ச் சூடானதால் நேரம் கூடிப்போன ஓர் ஓட்டத்தையும், அதற்கு இணையான எதிர்த்திசை ஓட்டத்தையும் காரணம் எழுதி நீக்கிவிட்டு, மீதி ஆறின் சராசரியைத் தேதி, வெப்பநிலை, எடை, ரோல்-அவுட் கழிக்கவில்லை என்ற குறிப்பு ஆகியவற்றோடு தாளில் எழுதிக் கொடுத்தேன். பழைய வீடியோவை அவர் அன்றே நீக்கிவிட்டார்.