ஸ்மார்ட் ஹப்புக்கு லைசென்ஸ் ஏன் கேட்பதில்லை?

வானொலி நிலையம் நடத்த உரிமம் வேண்டும். வீட்டு பல்பு, பூட்டு, சென்சார்களை ஒன்றாக இணைக்க மூலையில் இருக்கும் ஸ்மார்ட் ஹப்பும் நாள் முழுக்க ரேடியோ அலைகளைத்தான் அனுப்புகிறது; அதற்கு யாரும் உரிமம் கேட்பதில்லை. குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அரசுகள் சில அலைவரிசைகளைத் திறந்துவிட்டிருப்பதுதான் காரணம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 1985-இல் இதற்கு வழிவிட்டது. வைஃபை, ஜிக்பீ (ஸ்மார்ட் பல்பு, சென்சார்கள் ஹப்போடு பேசும் ரேடியோ முறை) எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை.

சலுகை சும்மா வரவில்லை. உங்கள் கருவி அடுத்தவர் சேவைக்கு இடையூறு செய்யக் கூடாது; உங்களுக்கு இடையூறு வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஹப்பின் அடிப்பாகத்திலோ கையேட்டிலோ பொடி எழுத்தில் இந்த இரண்டும் இருக்கும். அதாவது, பக்கத்து வீட்டு ரவுட்டரால் உங்கள் கதவு சென்சார் திணறினால் புகார் கொடுக்க வழியில்லை.

நாமே கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளலாம். வீட்டுக் கருவிகளில் வரும் ஜிக்பீக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 முதல் 26 வரை 16 சேனல்கள். வைஃபை, புளூடூத், ஜிக்பீ போன்ற இன்னொரு முறையான த்ரெட், ஏன், மைக்ரோவேவ் அடுப்பு கூட அதே இடத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. ரவுட்டர் வைஃபையின் 11-ஆம் சேனலில் இருந்தால்கூட அதன் அலை ஏறக்குறைய 2473 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஜிக்பீயின் 25-ஆம் சேனல் 2475-இல் இருப்பதால் ஓரளவு தப்பிக்கும். (எண் ஒன்றாக இருந்தாலும் வைஃபையின் 11 வேறு, ஜிக்பீயின் 11 வேறு. பலர் தடுமாறும் இடம் இது.) சேனலை மாற்றினால் சில பல்புகளையும் சென்சார்களையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக் கருவிகளுக்கான இன்னொரு ரேடியோ முறையான இசட்-வேவ் இந்த நெரிசலில் இல்லை. ஆனால் அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868.42, இந்தியாவில் 865.2. வெளிநாட்டிலிருந்து வந்த பூட்டு உள்ளூர் ஹப்போடு பேசாமல் போவது இதனால்தான். பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். ஐரோப்பாவில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 868.0 முதல் 868.6 வரையிலான பகுதியில் ஒரு கருவி பொதுவாக ஒரு சதவீத நேரம்தான் அலை அனுப்பலாம். ஒரு மணி நேரத்துக்கு 36 விநாடி! சென்சாருக்கு அது தாராளம்.

சரி, 2022-இல் வந்த மேட்டர்? அது தனி ரேடியோ இல்லை; வைஃபை, த்ரெட், ஈதர்நெட் மேல் ஓடும் பொதுமொழி. பெட்டியில் மேட்டர் முத்திரை இருக்கிறதே என்று நம்பி ஹப்பை வாங்கினால், பழைய இசட்-வேவ் பூட்டு அதில் சேராமல் போகலாம். அதற்கான ரேடியோ உள்ளே இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.