வாய் வறட்சியைத் தாகம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்

பல் பரிசோதனையின்போது நாங்கள் வாய்க்குள் செலுத்தும் சிறு கண்ணாடி ஈரமான உட்கன்னத்தில் வழுக்கிச் செல்ல வேண்டும். அது கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு இழுத்து எடுக்கும்படி ஆனால், உமிழ்நீர் குறைந்திருக்கிறது என்று பற்களைப் பார்ப்பதற்கு முன்பே புரிந்துவிடும். விசாரித்தால், "வயதாகிவிட்டது, தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை" என்பார்கள். ஆனால், பெரும்பாலும் காரணம் அவர்கள் அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளில்தான் இருக்கிறது.

ஒவ்வாமை, மனச்சோர்வு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவற்றுக்குத் தரப்படும் பல மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்கக்கூடியவை. இரண்டு மூன்று மருந்துகள் சேரும்போது வறட்சி இன்னும் கடுமையாகிறது. ஆகவே பல் மருத்துவரிடம் செல்லும்போதும் மருந்துச் சீட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அதே வேளையில், எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைப்பதா, மாற்று மருந்து தருவதா என்பதை அதை எழுதிக் கொடுத்த மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

நலமாக உள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட், கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தைத் தணிக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் இழந்த தாதுக்களை ஈடுசெய்கின்றன. வாயின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் குறைந்தவர்களுக்கு அந்த நிலை நெடுநேரம் நீடிப்பதால், எளிதில் சொத்தை விழாத கீழ் முன்பற்களும், ஈறு இறங்கி வெளித்தெரியும் வேர்ப்பகுதியும்கூட அரிக்கப்படுகின்றன. தண்ணீர் வாயை நனைக்குமே தவிர, இந்தப் பாதுகாப்பைத் தராது.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது, வறட்சி தெரியாமலிருக்கச் சர்க்கரை மிட்டாயை நாள் முழுவதும் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம்தான். கிருமிகளுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. மெல்லுவது உமிழ்நீரைத் தூண்டும் என்பதால், அதற்குப் பதிலாகச் சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தை மெல்லலாம். ஃபுளூரைடு பற்பசை கட்டாயம் தேவை. ஆல்கஹால் கலந்த வாய்க்கொப்பளிப்பான்களைத் தவிர்ப்பது நல்லது.

வாயோடு கண்களும் வறண்டு, மணல் விழுந்ததுபோல உறுத்தினால், சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் சேர்ந்திருந்தால் இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது அவசியம். தலை, கழுத்துப் பகுதியில் தரப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதைப் பெறவிருப்பவர்கள், அது தொடங்குவதற்கு முன்பே பற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.