ஆரம்பநிலைச் சர்க்கரை நோய்: தானியத்தை மாற்றினால் மட்டும் போதுமா?

வெறும் வயிற்றில் 114, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 178, மூன்று மாதச் சராசரி 6.2 என்று ஆய்வகத் தாளோடு வருபவர்களில் பலர், "பார்டர்லதான் இருக்கு டாக்டர், இன்னும் சுகர் வரல" என்று ஆறுதலோடுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோல்படி வெறும் வயிற்றில் 100 முதல் 125 மில்லிகிராம் வரையும், மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரையும் இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சி 6.5 என்ற எல்லையைத் தொட்டுவிட்டால் நீரிழிவு. இந்தக் கோடுகள் நோயை வகைப்படுத்துவதற்காக மருத்துவர்கள் வரைந்துகொண்டவை. கணையத்துக்கு அப்படி ஒரு கோடு தெரியாது. எச்பிஏ1சி 6.3 இருப்பவருக்கும் 6.7 இருப்பவருக்கும் உடலுக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், இந்தக் கட்டுரையில் இருவரையும் ஆரம்பநிலை என்றே சேர்த்துப் பேசுகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, 2023இல் வெளியான முடிவுகளின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. நோய் வந்தவர்களைவிட வாசலில் நிற்பவர்கள் அதிகம். அவர்களில் எல்லோரும் உள்ளே வந்தே தீர வேண்டும் என்பதில்லை என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எந்தத் தலையீடும் பெறாத குழுவினரில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்திக்கொண்ட குழுவில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுக்கப்பட்ட குழுவிலும் பலன் ஏறக்குறைய அதே அளவுதான். அந்த ஆய்வில் பழக்கங்களை மாற்றியவர்களின் உடல் எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். "நான் ஒல்லிதானே, எனக்கு எதற்கு இதெல்லாம்" என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

அப்படியிருந்தும் ஆறு மாதம் கழித்து வரும்போது அளவு குறையாமல் இருப்பவர்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில், "சோத்தையே விட்டுட்டேன் டாக்டர், ராத்திரி சப்பாத்திதான்" என்பது. எத்தனை சப்பாத்தி என்று கேட்டால் மூன்று என்பார்கள். தொட்டுக்கொள்ள என்ன என்றால் உருளைக்கிழங்கு குருமா. இந்த மாற்றத்தால் உண்மையில் என்ன நடந்தது என்று கணக்குப் பார்க்கலாம். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் 10 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும்; வீட்டில் இடும் சப்பாத்தி ஒன்றில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். நோய் தெரிவதற்கு முன் இரவில் மூன்று இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நோய் தெரிந்த பிறகு மூன்று சப்பாத்திக்கு மாறியதன் மூலம் மாவுச்சத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டிருக்கிறார், அதுவும் பத்தியம் இருப்பதாக நம்பிக்கொண்டு. கோதுமை கெடுதல் என்பதல்ல நான் சொல்ல வருவது. நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராமும், கோதுமையிலும் கேழ்வரகிலும் 65 முதல் 72 கிராம் வரையும் மாவுச்சத்து இருக்கிறது. நார்ச்சத்தில் வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அளவைத் தொடாமல் தானியத்தை மட்டும் மாற்றுபவருக்கு அந்த வேறுபாடு கைகொடுப்பதில்லை.

சிறுதானியங்களுக்கும் இதுவே பொருந்தும். கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால், மெல்ல வேண்டிய வேலையும் இல்லை, குடலில் உடைக்க வேண்டிய வேலையும் குறைவு. அரை மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை ஏறிவிடுகிறது. சர்க்கரைக்கு நல்லது என்று காலையில் ஒரு பெரிய சொம்பு ராகிக் கஞ்சி குடித்துவிட்டு, பத்து மணிக்கு இட்லியும் சாப்பிடுபவர்களைப் பார்க்கிறேன். அதே கேழ்வரகை முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்து அடையாகத் தட்டி, ஒன்றோ ஒன்றரையோ சாப்பிட்டால் கதை வேறு. வரகு, சாமை, தினை வாங்குபவர்கள் அது தவிடு நீக்கி வெள்ளையாகத் தீட்டப்பட்டதா என்று பார்த்து வாங்குவது நல்லது. தீட்டிய பிறகு அரிசிக்கும் அதற்கும் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் ஆகியவற்றைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இரத்தத்துக்குள் போனபின் இவை எல்லாம் சர்க்கரைதான்.

அப்படியானால் எவ்வளவு சாப்பிடுவது? நான் பெரும்பாலும் கலோரிக் கணக்கு எழுதிக்கொடுப்பதில்லை, அதைப் பின்பற்றுபவர்கள் குறைவு. அதற்குப் பதிலாக, வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வரச் சொல்லி, அரிசி அளக்கும் டம்ளரைப் பற்றிக் கேட்பேன். 200 மில்லி டம்ளர் நிறைய எடுத்தால் ஏறக்குறைய 170 கிராம் அரிசி. "கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன்" என்று கணவர் சொல்லும்போதே பக்கத்திலிருக்கும் மனைவி, "இவருக்கு மட்டும் முக்கால் டம்ளர் போடுவேன் டாக்டர்" என்பார். அதாவது மதியம் ஒரு வேளையில் சோற்றிலிருந்து மட்டும் சுமார் 100 கிராம் மாவுச்சத்து. இதை உடனே கால் டம்ளராக்கச் சொன்னால் நான்காம் நாள் பசி தாங்காமல் பழைய கணக்குக்கே திரும்பிவிடுவார். முதல் மாதம் அரை டம்ளர், பிறகு அதற்கும் சற்றுக் கீழே என்று இறக்கி, காலியாகும் இடத்தைப் பொரியல், கூட்டு, கீரை, கெட்டிப் பருப்பு, முட்டை அல்லது மீன் கொண்டு நிரப்பினால்தான் நிற்கிறது. தட்டில் பாதிக்கு இரண்டு வகைக் காய், கால் பங்குக்குப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி ஆகியவற்றில் ஒன்று, மீதிக் கால் பங்குக்குச் சோறு என்பது நினைவில் வைத்துக்கொள்ள எளிய அளவு. உருளை, மரவள்ளி, சேப்பங்கிழங்கு ஆகியவற்றைக் காய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை சோற்றின் பங்காளிகள்.

சைவ உணவுக்காரர்களிடம் புரதம் குறைவது தனிச் சிக்கல். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் மிதக்கும் பருப்பில் இரண்டு மூன்று கிராம் புரதம் தேறினால் அதிகம். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறுச் சுண்டல், காலையில் இட்லிக்குப் பதிலாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் பெசரட்டு அல்லது பருப்பு அடை, மதியம் சர்க்கரை சேர்க்காத தயிர் என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். தட்டில் முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால், அதே உணவுக்கே சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. செலவில்லாத மாற்றம் இது. வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கலாம்.

பழத்தைச் சாறாகப் பிழியாமல் கடித்துச் சாப்பிட வேண்டும். மாம்பழக் காலத்தில் மாம்பழமே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆசைப்படும் நாளில் இரண்டு துண்டு சாப்பிட்டு, அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனியோடு காபி குடிப்பவர், மாம்பழத்தைப் பார்த்துப் பயப்படுவதில் பொருளில்லை. அந்தக் காபியில் மட்டும் 30 கிராம் சீனி போகிறது.

உடற்பயிற்சியைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் காலை நடைதான் நினைவுக்கு வருகிறது. நல்லதுதான், ஆனால் நடந்து முடித்ததும் நண்பர்களோடு டீக்கடையில் ஒரு டீயும் மெதுவடையும் சாப்பிட்டுத் திரும்பினால், அரை மணி நேரம் நடந்து செலவழித்ததைவிட உள்ளே போனது அதிகம். வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் ஆனால் பேச முடியும் என்ற வேகத்தில் நடப்பது அடிப்படை. அதைவிட நம் உணவுக்குப் பொருத்தமானது, ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது. தசை இயங்கும்போது, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும் வழி ஒன்று திறக்கிறது. சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரைதான் சோறு உண்ணும் நம்மில் பலருக்கு முதலில் கெடுகிறது என்பதால், அது ஏறும் நேரத்திலேயே கால்களுக்கு வேலை கொடுப்பது புத்திசாலித்தனம். இரவுச் சாப்பாட்டை ஒன்பதரைக்கு முடித்துவிட்டு நேராகப் படுக்கைக்குப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே, மறுநாள் காலை அளவில் வேறுபாடு தெரிவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

நடையால் மட்டும் தசை வளராது. நம்மவர்களுக்கு எடை குறைவாகத் தெரிந்தாலும் தசை குறைவாகவும் வயிற்றுக் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கும் உடல்வாகு அதிகம். அதனால்தான் ஆசியர்களுக்கு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண் (பிஎம்ஐ) 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை, இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று எல்லையைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் தசைக்கான பயிற்சி தேவை. ஜிம் அவசியமில்லை: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று தொடங்கலாம். வீட்டு வேலையே போதாதா என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி; உடல் களைப்பது உண்மை, ஆனால் நாடித்துடிப்பு உயரும் அளவுக்குத் தொடர்ச்சியாக இயங்குவது அதில் குறைவு. பயிற்சிக்கான அரை மணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுப்பது வீட்டில் மற்றவர்களின் பொறுப்பு.

எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. பிரிட்டனில் நடந்து 2017இல் முதலாண்டு முடிவுகள் வெளியான டைரக்ட் ஆய்வில், நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவுக்கு மாறினார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இன்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்துவிட்டார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் இது 86 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைவதுதான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இதை நோய் தணிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமே தவிர, குணமாகிவிட்டது என்று சொல்லக் கூடாது. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்புகிறது. வாட்ஸ்அப்பில் 'சர்க்கரை நோயை 30 நாளில் விரட்டலாம்' என்று வருபவற்றில் இந்தப் பின்பாதி இருப்பதேயில்லை.

ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குவதும் மாறி மாறி வரும் இரவுப் பணியும் இன்சுலின் எதிர்ப்பை, அதாவது இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காத நிலையைக் கூட்டும், புகையிலையும் அப்படியே. வெந்தயமும் பாகற்காயும் உணவாகச் சாப்பிட நல்லவை. மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டு அவற்றின் பொடியையும் சாற்றையும் நம்புவதுதான் ஆபத்து.

எல்லோரும் உணவாலேயே சமாளித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. காரணமின்றி எடை இறங்குவது, அடங்காத தாகம், இரவில் பல முறை சிறுநீர் கழிப்பது, வயிற்றுவலியோடு மெலிவது ஆகியவை இருந்தால், அது வேறு வகை நீரிழிவாகவும் இருக்கலாம். பத்தியம் இருந்து பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காக முயன்றும் எச்பிஏ1சி இறங்காதவர்களுக்கு மெட்ஃபார்மின் எழுதுவேன். "மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதே" என்ற பயத்தில் வீட்டிலேயே ஆறு ஆண்டுகளைக் கடத்திவிட்டு, விழித்திரை பாதிக்கப்பட்ட பிறகு வருபவர்களைப் பார்ப்பது எனக்குப் பழகவே இல்லை. நீரிழிவு உறுதியான அன்றே விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம், கொழுப்பு அளவு, பாத உணர்ச்சி ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு பல ஆண்டுகள் தெரியாமல் இருந்துவிட்டுத்தான் பிடிபடுகிறது.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் சோற்றைக் குறைத்துவிட்டு வருபவர்களை மூன்று மாதச் சராசரி காட்டிக்கொடுத்துவிடும். சாப்பாட்டுக்குப் பின்னான பரிசோதனையில் இரண்டு மணி நேரம் என்பதை முதல் கவளத்திலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. இரத்தசோகை உள்ள பெண்களுக்கு எச்பிஏ1சி உண்மை அளவைவிடக் கூடியோ குறைந்தோ காட்டக்கூடும் என்பதால், அவர்களுக்கு வெறும் வயிற்று அளவையும் சேர்த்தே பார்க்கிறோம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்து, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டது என்று மறந்துபோனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்ள வேண்டும்; பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட அவர்களுக்குப் பல மடங்கு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் முப்பது வயதுப் பிள்ளையும் அதே வாரத்தில் இரத்தம் கொடுத்துவிடலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசமாகவே செய்யப்படுகிறது.