பாட்டி இன்று காப்பி கேட்கவில்லை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலையில், 84 வயதுப் பாட்டி ஒருவரை வீட்டோடு தங்கிக் கவனித்துவந்த பெண்மணி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “டாக்டர், பாட்டிம்மா இன்னைக்குக் காப்பி கேக்கல. என்னமோ சரியில்லாத மாதிரி இருக்கு” என்றார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வலிக்கிறது என்று பாட்டி சொல்லவும் இல்லை. மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் நினைத்தேன். தினமும் ஐந்தரை மணிக்குக் கட்டிலில் டம்ளரைத் தட்டிக் காப்பி கேட்பவர் இன்று தட்டவில்லை என்று அவர் மறுபடியும் வற்புறுத்திச் சொன்னதால்தான் கிளம்பினேன். பாட்டி என் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே உறக்கத்தில் ஆழ்ந்தார். மூச்சு நிமிடத்துக்கு 28 முறை ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் அளவு 89 ஆகக் குறைந்திருந்தது. நிமோனியா. மாலைவரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

முதுமையில் நோய்த்தொற்று காய்ச்சலோடுதான் வரவேண்டும் என்பதில்லை. திடீர்க் குழப்பம், வழக்கத்துக்கு மீறிய தூக்கம், சாப்பாட்டில் விருப்பமின்மை, நடையில் தள்ளாட்டம் என்று வேறு முகங்களோடு அது வரும். இந்த மாற்றத்தைக் கண்டுகொள்வதற்கு, அந்த முதியவர் நேற்று எப்படி இருந்தார் என்பதை அறிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகும் என்னைப் போன்ற மருத்துவருக்கும், வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் பேசும் பிள்ளைகளுக்கும் அந்த அறிவு கிடைப்பதில்லை. செவிலியருக்கும் பராமரிப்பாளருக்கும்தான் அது இருக்கிறது.

படுக்கைப் புண்ணையே எடுத்துக்கொள்வோம். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கம். அப்படியென்றால் இரவு 10 மணிக்கும், 12க்கும், 2க்கும், 4க்கும் யாரோ ஒருவர் விழித்தெழ வேண்டும். தோல் சிவந்தால் கவனியுங்கள் என்று நாங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம்மவர்களின் மாநிறத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாது. அனுபவமுள்ள செவிலியர் இடுப்பெலும்பின்மேல் விரலை வைத்து, சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பார்த்தே தெரிந்துகொள்வார். புண் வராமலே போனால், அவர் அதைத் தடுத்தார் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் முதியோர் மருத்துவத்துக்கு நல்ல வரலாறு உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டிலேயே முதியோருக்கான தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியர்கள் படுத்த படுக்கையானோரின் வீடுகளுக்கே செல்கிறார்கள். ஆனாலும் அவர்கள் வந்துபோன பிறகு மீதமுள்ள நேரம் முழுவதும் மருமகளோ, மகளோ, தானும் முதியவளான மனைவியோ, சம்பளத்துக்கு வந்த ஒரு பெண்ணோதான் தாங்குகிறார்.

சம்பளத்துக்கு வருபவர் படும் அவமானம் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மறதிநோய் உள்ளவர்கள், தாங்களே எங்கோ வைத்துவிட்ட வளையலையோ பணத்தையோ உடன் இருப்பவர் திருடிவிட்டதாகச் சொல்வது அந்த நோயில் அடிக்கடி காணப்படும் அறிகுறி. அதை அறியாத குடும்பங்கள் பராமரிப்பாளரின் பையைக் கொட்டிச் சோதித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வளையல் பிறகு தலையணை உறைக்குள் கிடைத்தபோதும் அந்தப் பெண்ணிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறதிநோய் என்று தெரிந்த அன்றே இந்த அறிகுறியைப் பற்றிக் குடும்பத்தாரிடம் பராமரிப்பாளரின் முன்னிலையில் விளக்கிவிடுவதை அதன்பிறகு நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

மே 12 அன்று செவிலியர் தினத்துக்கு வாழ்த்துச் சொல்வது நல்ல பழக்கம். அதோடு, உங்கள் வீட்டு முதியவரைக் கவனித்துக்கொள்பவர் எங்கே படுக்கிறார், என்ன சாப்பிடுகிறார், கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார் என்று கேளுங்கள். முதியவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது மறுபக்கம் ஒரு கை கொடுங்கள். பராமரிப்பாளர் பலருக்கு நாற்பது வயதுக்குள்ளேயே இடுப்புவலி வருவதற்குத் தனியாகத் தூக்குவது முக்கியக் காரணம். வாரத்தில் ஒருநாள் விடுப்புக் கொடுங்கள். அன்று பொறுப்பேற்பவர் அரைமணி நேரம் முன்னதாகவே வந்து, முந்தைய வாரம் எப்படிப் போனது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். மருத்துவரிடம் வரும்போது அவரையும் அறைக்குள் அழைத்து வந்து உட்கார வையுங்கள். அந்தக் காலைக்குப் பிறகு என் முதல் கேள்வியை நான் அவரிடம்தான் கேட்கிறேன்: “நேத்தைக்கும் இன்னைக்கும் என்னம்மா வித்தியாசம்?”