மேட்டில் சாய்வு சைக்கிள் ஏன் திணறுகிறது?

1933இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர், சார்ல் மொஷே வடிவமைத்த, சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கும் சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டரைத் தாண்டினார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த வடிவத்தைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. அந்த வேகம் காற்றுத் தடை குறைந்ததால் வந்தது. மணிக்கு 10 கி.மீ.யில் ஊர்ந்து ஏறும் மேட்டில் காற்று ஒரு பொருட்டே அல்ல.

பெரும்பாலோர் எடையைத்தான் குறை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரான்சின் ஆல்ப் துவெஸ் ஏற்றம் 13.8 கி.மீ.; சராசரிச் சரிவு 8.1 சதவீதம். 70 கிலோ ஆள், 10 கிலோ சாதா சைக்கிளில் 200 வாட் கொடுத்து மிதித்தால் ஏறி முடிக்கச் சுமார் 81 நிமிடம் ஆகும். 14 கிலோ சாய்வு சைக்கிளில் 85 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கு கிலோ கூடுதல் எடையின் விலை ஏறத்தாழ நான்கு நிமிடம்தான். அதற்கு மேல் பின்தங்கினால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

முதலில் செயினைப் பாருங்கள். பெடல் முன்சக்கரத்துக்கும் முன்னால் இருப்பதால், பின்சக்கரம் வரை ஓடும் செயின் சாதா சைக்கிளைவிட இரண்டு மூன்று மடங்கு நீளம். அதை இருக்கைக்கு அடியில் வளைத்து அனுப்ப ஐட்லர் என்ற சிறு உருளை உண்டு. ஏற்றத்துக்காக முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு மாறினால், அதே மிதிக்குச் செயினின் இழுவிசை கூடும். ஆக, ஐட்லரில் உராய்வு அதிகமாவது மேட்டில்தான். இழுக்கும் பக்கத்தில் பல் வைத்த, பேரிங் நல்ல பெரிய ஐட்லரைப் போட்டு, செயின் முடிந்தவரை குறைவாக வளையும்படி அமையுங்கள். கூடுதலாக 3 சதவீதம் ஆற்றல் இங்கே வீணானாலும் அதே ஏற்றத்தில் இன்னும் இரண்டரை நிமிடத்துக்கு மேல் போய்விடும்.

அடுத்தது இருக்கை. வலைத்துணி இருக்கை ஒவ்வொரு மிதிக்கும் பின்னால் அமுங்கும். கார்பன் அல்லது கண்ணாடியிழை ஓடு அவ்வளவாக அமுங்காது. பெடலைத் தாங்கும் முன்குழாய் முறுக்கிக்கொள்கிறதா என்றும் கவனியுங்கள்.

எழுந்து நின்று மிதிக்க முடியாது என்பதுதான் ஆகப் பெரிய வித்தியாசம். நின்றால் உடல் எடை பெடலை அழுத்தும். சாய்ந்திருக்கும்போது முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்துக் காலால் மட்டுமே தள்ள வேண்டும். அந்தத் தள்ளலுக்கு உடல் எடை என்ற வரம்பு கிடையாது. பெரிய கியரில் முக்கித் தள்ளுகிறவர்களுக்கு மூட்டு வலி வருவது இதனால்தான்.

தீர்வு கியரில் இருக்கிறது. 26 அங்குலச் சக்கரத்தில் முன்னால் 30 பல், பின்னால் 34 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் நகரும். மணிக்கு 6 கி.மீ.யில் நிமிடத்துக்கு 55 சுற்றுதான் மிதிக்க வரும். முழங்காலுக்கு அது பாரம். 24க்கு 36 போட்டால் 72 சுற்று கிடைக்கும். பெடலைத் தாங்கும் கையான கிராங்க் 170 மி.மீ.க்குப் பதில் 155 முதல் 165 வரை இருந்தால் முழங்கால் குறைவாக மடங்கும். புதிதாக ஏறுகிறவர்களுக்குத் தசைகள் இந்தக் கோணத்துக்குப் பழகச் சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை வேகத்தை ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

வேகம் 6 கி.மீ.க்குக் கீழே போனால் இருசக்கர சாய்வு சைக்கிள் தள்ளாடத் தொடங்கும். செங்குத்தான மலைப்பாதைதான் உங்கள் வழக்கம் என்றால் முன்னால் இரண்டு சக்கரம் வைத்த மூன்று சக்கர வண்டியை எடுங்கள். எடை கூடுதல்தான், ஆனால் மணிக்கு 3 கி.மீ.யிலும் விழாமல் ஏறலாம், நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டுக் கிளம்பலாம். ஈரச் சாலையில் மட்டும் ஒற்றைப் பின்சக்கரம் வழுக்கிச் சுழலக்கூடும். மூட்டை முடிச்சுகளைப் பின்சக்கரத்தின் மேலேயே கட்டினால் பிடிமானம் கூடும்.