மடக்குக் கத்தி வாங்குமுன் பூட்டைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்து வந்த அண்ணன் அவர். ஈஸ்டர் சமயம் குடும்பத்தோடு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். பால் கேனின் பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போட வேண்டியிருந்தது. சட்டைப் பையில் இருந்த சின்ன மடக்குக் கத்தியை விரித்து, நுனியை வைத்து அழுத்தினார். மூடி துளைபடவில்லை. அலகுதான் மடங்கி, கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள்மேல் வந்து மூடியது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தசைநாண்கள் அறுந்துவிட்டன. அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள் என்னிடம் வந்தார்.

டர்பனில் அடிபட்ட கைகளுக்குப் பயிற்சி கொடுத்து மறுபடி வேலை செய்ய வைப்பது என் தொழில். கத்தியே வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கோயிலில் பூக்கட்டு நூலை வெட்ட, கடையில் அட்டைப்பெட்டி பிரிக்க, தோட்டத்தில் கறிவேப்பிலைக் கொத்து எடுக்க, ஒரு சின்னக் கத்தி எவ்வளவு உதவி என்று எனக்குத் தெரியும். எந்தக் கத்தி என்பதில்தான் என் அக்கறை எல்லாம்.

வீட்டில் நாம் எல்லாவற்றையும் ‘நரம்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். விரலை மடக்குவது தசைநாண். கட்டைவிரலுக்கு ஒன்று, மற்ற நான்கு விரல்களுக்கும் இரண்டிரண்டு. அது ஒரு குறுகிய உறைக்குள் வழுக்கி ஓட வேண்டும். அறுந்ததைத் தைத்த பிறகு அசைக்காமல் வைத்தால் உறையோடு ஒட்டிக்கொள்ளும். அதிகமாக அசைத்தால் தையல் பிய்ந்துவிடும். அதனால் ஏறக்குறைய 6 வாரம் கையைத் தாங்கும் சிம்பு போட்டு, அளந்து அளந்து அசைக்க வைக்கிறோம். கனமான வேலைக்குத் திரும்ப 12 வாரம் ஆகும். கூடவே உணர்வு நரம்பும் அறுந்திருந்தால், அது நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அந்த அண்ணன் லாரி ஓட்டுபவர். மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்தார்.

அவருடைய கத்தியில், விரித்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு கிடையாது. முதுகில் உள்ள வில்தகடு மட்டுமே அலகை நிறுத்தி வைக்கும். பலரும் வைத்திருக்கும் சிவப்புக் கைப்பிடி விக்டோரினாக்ஸ், மடித்தால் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள கத்தியும் அப்படித்தான். நல்ல கத்தி, குறை சொல்லவில்லை. ஆனால் அதை இழுத்து வெட்ட மட்டும் பயன்படுத்த வேண்டும். நுனியால் குத்தினாலோ, அலகின் முதுகில் அழுத்தம் வந்தாலோ அது மடங்கத்தான் செய்யும். சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் வகையைப் பிடிக்க இரண்டு விரலுக்கே இடம் இருக்கிறது. நூலுக்கும் கடித உறைக்கும் அது போதும், அதற்கு மேல் வேண்டாம்.

பூட்டு உள்ளதை வாங்குங்கள் என்பேன். அதிலும் எந்தப் பூட்டு என்று பாருங்கள். உள்ளே ஒரு தகடு சாய்ந்து அலகைத் தாங்கும் வகை கடைகளில் நிறையக் கிடைக்கிறது. திறக்கும்போது வசதிதான், மூடும்போது தகட்டைத் தள்ளும் கட்டைவிரல் அலகு வரும் வழியிலேயே நிற்கிறது. முதுகில் அழுத்தி விடுவிக்கும் வகை உறுதியானது, ஆனால் மூட்டுவாதம் உள்ள தாத்தா பாட்டிகளுக்கு அந்த அழுத்தம் கஷ்டம். ஓபினெல் கத்தியின் கழுத்தில் சுழலும் வளையப் பூட்டு 1955 முதல் இருக்கிறது, எளிமையானது, நம்பகமானது. ஆனால் மரக் கைப்பிடி நம் டர்பன் ஈரக் காற்றில் ஊதி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் கெஞ்சிக் கெஞ்சி இழுக்கும்போது சட்டென்று திறந்து வெட்டுபட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கைப்பிடியின் இரு பக்கமும் பிடித்து இழுக்கும் குறுக்குக் கம்பிப் பூட்டுதான் எனக்குப் பிடித்தது, விரல் எதுவும் அலகின் வழியில் வராது. விலை கொஞ்சம் கூடுதல்.

அலகு 5 முதல் 7 சென்டிமீட்டர் இருந்தால் அன்றாட வேலைக்குத் தாராளம். அலகை விடக் கைப்பிடி முக்கியம், நான்கு விரலும் அதில் அடங்க வேண்டும். வெட்டும் பக்கம் நேராகவும் முதுகு முன்னால் வளைந்து இறங்கியும் இருக்கும் மொண்ணை நுனி வடிவம் கிடைத்தால் எடுங்கள். தவறிக் குத்தும் ஆபத்து குறைவு, பார்ப்பவருக்கும் பயம் வராது. பல்லுள்ள அலகு வேண்டாம், அது தசைநாணைக் கிழித்துவிடும், தைப்பது சிரமம். கடலோரத்தில் இருக்கிறோம், ஆகவே துருப்பிடிக்காத எஃகு. அப்புறம், மடித்த நிலையில் கத்தியைக் குலுக்கிப் பாருங்கள். அலகு எட்டிப் பார்த்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தோற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒகாப்பி கத்தி 1902-ல் ஜெர்மனியில் தொடங்கியது, பின்னால் நம் நாட்டுக்கே வந்துவிட்டது. உழைப்பாளிகளின் கத்திதான். ஆனால் இங்கே அதைப் பார்த்ததும் பலருக்குத் தெருச்சண்டைதான் நினைவுக்கு வரும். மினிபஸ் டாக்சியில் அதை எடுத்து ஆரஞ்சு உரித்தால் பக்கத்தில் இருப்பவர் நடுங்குவார். 2013-ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் இத்தனை சென்டிமீட்டர் வரை சரி என்று சொல்லவில்லை. சட்டவிரோதமாகப் பயன்படுத்தப் போகிறார் என்ற நியாயமான சந்தேகம் எழும் சூழலில் வைத்திருந்தால் குற்றம். அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. இடம், நேரம், நடத்தை, எப்படி எடுத்துக் காட்டினார் எல்லாம் பார்க்கப்படும். அதனால் பளிச்சென்ற நிறமோ மரமோ உள்ள கைப்பிடி நல்லது. பள்ளிக்கூடத்துக்குள்ளோ விமானத்தின் கைப்பையிலோ வேண்டவே வேண்டாம்.

தற்காப்புக்கு என்று கேட்டு வருபவர்களின் பயம் எனக்குப் புரிகிறது, நானும் இதே ஊரில்தான் இருட்டிய பிறகு வண்டி ஓட்டி வீடு போகிறேன். ஆனால் பெரும்பாலான மடக்குக் கத்திகளில் கையை நிறுத்தும் தடுப்பு இல்லை. பதற்றத்தில் வேர்த்த கை வழுக்கி அலகின்மேல் போகும். தன் கத்தியாலேயே தன் விரலை இழந்தவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். அதற்காகக் கத்தி வாங்காதீர்கள்.

சரி, கத்தி பிடிக்காத மற்ற கையை மறந்துவிட்டேன். புரட்டாசி முடிந்ததும் பில்டாங் என்ற உலர்ந்த இறைச்சித் துண்டைக் கையில் பிடித்தே சீவுவது, அவகாடோவை உள்ளங்கையில் வைத்துக் கொட்டையைக் குத்துவது, எலுமிச்சையைக் கையில் வைத்தே அரிவது: இந்த மூன்றாலும் கெட்ட இடது கைகள் ஏராளம். ஒரு சின்னப் பலகை போதும்.

வெட்டுபட்டால் சுத்தமான துணியால் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். ரத்தம் நின்றதும் ஒவ்வொரு விரலின் நுனி மூட்டையும் தனியாக மடக்கச் சொல்லுங்கள். நுனியின் இரு ஓரமும் தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள். மடங்கவில்லை, மரத்திருக்கிறது என்றால் காயம் அரை அங்குலமே ஆனாலும் அன்றே மருத்துவமனை. தோலை மட்டும் தைத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து வந்தால் சாதாரணத் தையலால் சேர்க்க முடியாத அளவுக்குத் தசைநாண் சுருங்கிப் போயிருக்கும். போகும் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், அன்றே மயக்க மருந்து தர வேண்டி வரலாம்.